நடந்து வந்தவர்கள் ரயிலில் வருகிறார்கள்

காலை ஆறே முக்கால். வேளச்சேரியிலிருந்து வரும் பறக்கும் ரயில் கோட்டூர்புரம் நிலையத்தில் நிற்கிறது. முதலில் இறங்குபவர்கள் பெண்கள். தோளில் துணிப்பை, கையில் ஒயர் கூடை, கூடைக்குள் டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும். யாரும் நடைமேடையில் நின்று பேசுவதில்லை. ஏழு மணிக்கு ஏதோ ஒரு வீட்டின் அழைப்பு மணியை அழுத்த வேண்டியவர்கள் அவர்கள். அடுத்து இறங்குபவர்கள் இளைஞர்கள். முதுகுப்பை நிறைய அரசுப் பணித் தேர்வுக்கான புத்தகங்கள். எட்டு மணிக்குத் திறக்கும் நூலகத்தில் நல்ல இடமாகப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம். எதிர்த் திசை நடைமேடையில் இரவுக் காவல் முடித்த வாட்ச்மேன்கள் கண் எரிச்சலோடு வீட்டுக்குத் திரும்பக் காத்திருக்கிறார்கள். கோட்டூர்புரத்தில் சொந்த வீடு உள்ளவர்களை இந்த நேரத்தில் இங்கே தேடித்தான் பார்க்க வேண்டும். அவர்கள் இன்னும் ஒன்றரை மணி நேரம் கழித்துக் காரில் கிளம்புவார்கள்.

வசதியான புறநகர் ஒன்றில் வாழ்வது எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு விடை தேடுகிறவர் வழக்கமாக வீட்டுக்காரரின் பயணத்தைத்தான் பார்ப்பார்: காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், எந்த ரயில், எத்தனை மணிக்குத் திரும்புகிறார் என்று. கோட்டூர்புரத்தில் அந்தக் கணக்கு பாதிதான். இங்கே நீண்ட தூரம் பயணம் செய்பவர்கள் இங்கே குடியிருப்பவர்கள் அல்ல, இந்தக் குடியிருப்புகளை ஒவ்வொரு நாளும் நடத்திக் கொடுப்பவர்கள். பத்து வருடத்துக்கு முன்புவரை அவர்களில் பலர் நடந்தே வந்தார்கள். அந்த நடை எப்படி ரயிலாகவும் பஸ்ஸாகவும் மாறியது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

மையத்தில் வேலை, வெளியே வீடு என்ற ஏற்பாடு தொழிற்புரட்சிக்குப் பிந்தைய இங்கிலாந்தில் உருவானது. புகையும் நெரிசலும் தாங்காமல் வசதியுள்ளவர்கள் லண்டனை விட்டு ரயில் பாதையை ஒட்டிக் குடியேறினார்கள். எபனேசர் ஹோவர்ட் 1898இல் தோட்ட நகரம் என்ற கருத்தை நூலாக எழுதினார். 1903இல் லெட்ச்வொர்த் என்ற ஊரில் அது செங்கல்லும் ஓடுமாக எழத் தொடங்கியது. அமெரிக்காவில் 1947இல் நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் லெவிட்டவுன் எழுந்தபோது ரயிலின் இடத்தைக் கார் எடுத்துக்கொண்டது. ஏழைகள் நகரின் நடுவே தங்கிவிட, வசதியுள்ளவர்கள் வெளியேறினார்கள் என்பது அந்த நாடுகளின் கதை.

சென்னைக்கும் அந்தக் கருத்து சீக்கிரமே வந்து சேர்ந்தது. நகர அமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடஸ் 1914இல் தம்முடைய கண்காட்சியோடு சென்னைக்குப் புறப்பட்டார். கண்காட்சிப் பொருள்கள் வந்த கப்பலை ஜெர்மனியின் எம்டன் மூழ்கடித்துவிட்டது. சென்னை மீது குண்டு வீசி, சாமர்த்தியசாலியை 'சரியான எம்டன்' என்று சொல்லும் வழக்கத்தை நம் பேச்சில் விட்டுச் சென்ற அதே கப்பல்தான். கெடஸ் புதிதாகப் பொருள்களைத் திரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். 1920இல் சென்னை நகர அமைப்புச் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில், மயிலாப்பூர் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகர் கட்டப்பட்டது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலத்தில் வீடு, ஜார்ஜ் டவுனில் ஆபீஸ் என்ற வாழ்க்கை அந்தத் தண்டவாளத்தின் மேல்தான் உருவானது. நீரை அகற்றிவிட்டு வீடு கட்டுவது நம் புறநகர்களின் பிறவிக் குணம் என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது. பின்னால் அது தேவைப்படும்.

அடையாற்றின் தென்கரை அப்போதும் பட்டணத்துக்கு வெளியேதான் இருந்தது. 'புரம்' என்றால் ஊர், 'புறம்' என்றால் வெளி. எழுத்தில் இடையினமும் வல்லினமும் வேறுபட்டாலும், கோட்டூர்புரத்தின் வரலாற்றில் இரண்டு பொருளும் கலந்தே கிடக்கின்றன. ஆறு ஒரு மதில் போலக் குறுக்கே நின்றது. சைதாப்பேட்டையில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 1726இல் தம் செலவில் கட்டிய மர்மலாங் பாலம் ஒரு பக்கம். கடலுக்கு அருகே 1840இல் வந்த எல்பின்ஸ்டன் பாலம் மறுபக்கம். இடையில் இருந்த கோட்டூர்க்காரர் நந்தனத்தை எட்டிப் பார்க்கலாம், ஆனால் எட்ட முடியாது. எதிர்க்கரையில் 1867இல் தொடங்கிய போட் கிளப்பின் படகுகள் ஆற்றில் போவதும் வருவதும் தெரியும். அந்தக் கரைக்குப் போக வேண்டுமானால் சுற்றித்தான் போக வேண்டும். மர்மலாங் பாலத்தின் இடத்தில் 1966இல் மறைமலை அடிகள் பாலமும், எல்பின்ஸ்டன் பாலத்தின் பக்கத்தில் 1973இல் திரு.வி.க. பாலமும் வந்தன. நந்தனம் டர்ன்புல்ஸ் சாலையிலிருந்து நேரே தென்கரைக்கு இறங்கும் கோட்டூர்புரம் பாலம் வந்த பிறகுதான் இந்த ஊரின் விதி மாறியது. வெளியூராக இருந்தது பத்து நிமிடத் தூரமாயிற்று.

பாலத்துக்கு முன்பே கல்வி நிறுவனங்கள் தென்கரைக்கு வந்துவிட்டன. கிண்டி பொறியியல் கல்லூரி இன்றைய இடத்துக்கு 1920இல் வந்தது. தோல் ஆராய்ச்சி நிலையம் 1948இல். காந்தி மண்டபம் 1956இல் திறக்கப்பட்டது. 1959இல் கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் ஐ.ஐ.டி. தொடங்கியது. 1988இல் பிர்லா கோளரங்கம். பேராசிரியர்கள், விஞ்ஞானிகள், அரசு அதிகாரிகள், ஆடிட்டர்கள், வங்கி மேலாளர்கள் என்று மாதச் சம்பளக்காரர்களின் குடியிருப்பாக இந்தப் பகுதி வளர்ந்தது இதனால்தான். ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி. அதில் ஒரு மாடி வீடு, முன்னால் வேப்பமரம், பின்னால் தென்னை, துவைக்கிற கல், கிணறு. ஓய்வு பெறும்போது கைக்கு வந்த பணத்தில் கட்டியவர்கள் பலர். அவர்களைப் பணக்காரர்கள் என்று அந்தக் காலத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மனையின் விலை ஏற ஏற, அசையாமல் உட்கார்ந்திருந்தே பணக்காரர்கள் ஆனவர்கள் அவர்கள்.

அதே ஊருக்குள் இன்னொரு ஊரும் இருந்தது, இன்றும் இருக்கிறது. கோட்டூர் என்ற பழைய கிராமம் தன்னுடைய ஒடுக்கமான தெருக்களோடும் அம்மன் கோயிலோடும் கடைவீதியோடும் புது மனைப்பிரிவுகளின் நடுவே அப்படியே நின்றது. 1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் இங்கேயும் அடுக்குக் குடியிருப்புகளைக் கட்டியது. ஆற்றின் ஓரத்தில், வருவாய்த் துறைக் கணக்கில் புறம்போக்கு என்று எழுதப்பட்ட நிலத்தில், சூர்யா நகர் போன்ற குடிசைப் பகுதிகள் பரவின. புரம், புறம், புறம்போக்கு என மூன்றும் ஒரே கிலோமீட்டருக்குள். சமையல் செய்யும் அம்மாவும், பாத்திரம் தேய்க்கும் பெண்ணும், இஸ்திரி வண்டிக்காரரும், பிளம்பரும், ஆட்டோக்காரரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். இது சமத்துவம் அல்ல. தனித் தம்ளர் வைத்த வீடுகள் இருந்தன, வாசல் திண்ணையோடு நிறுத்திய வீடுகள் இருந்தன. ஆனால் அருகாமை இருந்தது. அருகாமையால் கிடைக்கும் நன்மை, அளவு சமமில்லாவிட்டாலும், இரண்டு பக்கத்துக்கும் கிடைத்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேலைக்கு நடுவே ஓடிப்போய்க் கஞ்சி கொடுத்துவிட்டுத் திரும்ப ஒரு தாயால் முடிந்தது.

இன்றைய கோட்டூர்புரத்தில் வாழ்வதன் சுகம் என்ன என்று கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் பதில் வீட்டைப் பற்றியதாக இருக்காது. 'எல்லாம் பக்கத்துலயே இருக்கு' என்பதுதான் பதில். நடைப்பயிற்சிக்கு காந்தி மண்டபம் சாலை, கீரைக்குக் கோட்டூர் கடைத்தெரு, மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அடையாறு, மெட்ரோ வேண்டுமானால் பாலத்தைத் தாண்டினால் 2018இல் திறந்த நந்தனம் நிலையம். சந்தைக் கணக்கில் மனையின் மதிப்பு இந்த அருகாமைக்குத்தான். ஆகவேதான் தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. உரிமையாளர் நிலத்தைத் தர, பில்டர் கட்டித்தர, இருவரும் பங்கு பிரித்துக்கொள்ளும் ஜாயின்ட் வென்ச்சர் முறையில் கீழே ஸ்டில்ட் பார்க்கிங்கும் மேலே நான்கைந்து மாடியும் எழுகின்றன. வேப்பமரம் போகிறது, கிணறு மூடப்படுகிறது. மூன்று படுக்கையறை வீட்டில் எழுபது கடந்த இருவர் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் வட அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ. இரவு பத்து மணிக்கு மேல் தெரு அமைதியாகிவிடும். பகலில் அந்த வீட்டின் கதவைத் திறந்து 'காபி சாப்பிட்டீங்களாம்மா?' என்று கேட்கும் முதல் குரல் பெரும்பாலும் வேலைக்கு வருகிற பெண்ணின் குரல்தான்.

சம்பாதிக்கும் வயதில் உள்ளவர்களின் பயணத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2000இல் டைடல் பார்க் திறந்த பிறகு வேலையின் ஈர்ப்பு மையம் அண்ணா சாலையிலிருந்து தெற்கே நகர்ந்தது. மத்திய கைலாசத்தில் தொடங்கும் ராஜீவ் காந்தி சாலை வழியே காலையில் தெற்கே போகிறார்கள், மாலையில் வடக்கே வருகிறார்கள். பறக்கும் ரயில் கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் வரை 1997இல் வந்தது, திருவான்மியூருக்கு 2004இல், வேளச்சேரிக்கு 2007இல். பக்கிங்காம் கால்வாயின் தலைமேல் தூண் ஊன்றி, கால்வாயை நெருக்கி, பிரம்மாண்டமாகக் கட்டிய நிலையங்கள் அவை. உள்ளே வெளிச்சமும் கடைகளும் ஆள் நடமாட்டமும் போதாததால் காரும் டாக்ஸியும் கையில் உள்ளவர்கள் அவற்றைப் பெரும்பாலும் தவிர்த்தார்கள். தவிர்க்க முடியாதவர்கள் ஏறினார்கள். கோட்டூர்புரம் நிலையத்தின் காலைக் காட்சிக்கு இதுவே காரணம்.

இனி 2015 டிசம்பர். அன்றைய இரவைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரைப் பற்றி எழுத முடியாது.

டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. ஏரிக்குக் கீழே ஆற்றில் சேரும் மற்ற ஏரிகளின் உபரி நீரும் அதோடு கலந்தது. நாற்பது கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள சிறிய ஆறு அடையாறு. வருடத்தில் பெரும்பகுதி சாக்கடை போலத்தான் நகரும். அன்றிரவு அது தன் பழைய அகலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது. சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம் மூடப்பட்டது. கோட்டூர்புரத்தின் தாழ்வான தெருக்களில் தரைத்தளம் முழுக்க மூழ்கி, முதல் மாடிவரை நீர் ஏறியது. வாரியக் குடியிருப்பிலும் தண்ணீர், பங்களாவிலும் தண்ணீர். மொட்டை மாடிகளில் ஒதுங்கியவர்களைப் படகில் வந்து மீட்டார்கள். கார்கள் மிதந்தன. கல்யாண ஆல்பங்களும் பட்டாக்களும் பள்ளிச் சான்றிதழ்களும் சேற்றோடு சேறாயின. இந்திய தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, நீரைத் திறந்துவிட்ட விதத்தில் நிகழ்ந்த பிழைகளைச் சுட்டி, இதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே குறிப்பிட்டது.

வெள்ளம் வடிந்த பிறகு நடந்தவைதான் இந்த ஊரின் இன்றைய முகத்தைத் தீர்மானித்தன. வசதியான வீடுகளில் சுவருக்குப் புது வர்ணம் பூசினார்கள், காப்பீட்டுக்கு விண்ணப்பித்தார்கள், புதிதாகக் கட்டியவர்கள் தரைத்தளத்தில் வீடு வைப்பதையே நிறுத்தினார்கள். ஆற்றோரத்துச் சூர்யா நகர் போன்ற இடங்களில் இருந்த குடும்பங்களுக்கோ, அடையாற்றைச் சீரமைக்கும் திட்டத்தில், பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கப்பட்டது. ஒரே வெள்ளம், ஒரே கரை. ஒருவருக்குப் பழுதுபார்க்கும் வேலை, இன்னொருவருக்கு இடமாற்றம்.

பெரும்பாக்கம் கோட்டூர்புரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கும் மேல். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், எட்டு அடுக்குக் கட்டிடங்கள், வரிசை வரிசையாக. 2011இல் சென்னை மாநகராட்சி தன் எல்லையை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரித்தது. அந்த விரிவுக்குள்ளும் பெரும்பாக்கம் வரவில்லை. நகரத்தின் நடுவே வாழ்ந்து நகரத்துக்கு உழைத்தவர்கள் நகர எல்லைக்கே வெளியே குடிவைக்கப்பட்டார்கள். அதைவிட மனதை உறுத்துவது இன்னொன்று: பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில் இருக்கிறது. 2015 வெள்ளத்தில் அங்கேயும் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நின்றது. வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றுவதற்காக என்று சொல்லி, வெள்ளம் தேங்கும் வேறொரு இடத்துக்கு அனுப்பினோம்.

கோட்டூர்புரம் நிலையத்தின் படிக்கட்டில் என்னோடு சேர்ந்து இறங்கிய ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஐம்பதை நெருங்கும் வயது. ஆற்றோரத்தில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, பிள்ளை பெற்றவர். இப்போது பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடி.

"நாலு மணிக்கு எழுந்தாதான்மா சரிப்படும். லிஃப்டு ஓடலன்னா இறங்கவே கால் மணி நேரம் ஆயிடும். ஒரு பஸ்ஸு, அப்புறம் வேளச்சேரியில ட்ரெயினு. முன்ன நாலு வீடு பண்ணுவேன். இப்ப ரெண்டுதான் முடியுது."

"அங்க பக்கத்துலயே வேலை கிடைக்கலையா?"

"அங்க யாரும்மா ஆள் வெப்பாங்க? நாங்க எல்லாருமே வேலைக்குப் போறவங்கதான்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்குள் ஒரு முழு ஆய்வுரை அடங்கியிருக்கிறது. ஒரே மாதிரி வருமானம் உள்ளவர்களை மட்டும் பல்லாயிரக் கணக்கில் ஓரிடத்தில் குவித்தால், அங்கே அவர்களுக்கு வேலை கொடுக்கும் வீடு இருக்காது, கடை இருக்காது, பழகிய முகம் இருக்காது. வேலை பழைய இடத்திலேயே இருக்கிறது. ஆகவே உடம்பு தினமும் அங்கே போயாக வேண்டும்.

ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால் நாளுக்கு மூன்று மணி நேரம். மாதம் இருபத்தைந்து நாள் வேலைக்கு எழுபத்தைந்து மணி. வீட்டு வேலைக்குத் தமிழக அரசு 2018இல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 37 ரூபாய். அந்தக் குறைந்த விகிதத்தில் கணக்கிட்டாலே மாதம் 2,775 ரூபாய் பெறுமானமுள்ள நேரத்தை அந்தப் பெண் பயணத்துக்குக் கொடுக்கிறார். இதை எந்த வீட்டுக்காரரும் தருவதில்லை, எந்த அரசுத் திட்டத்தின் செலவுக் கணக்கிலும் இது ஏறுவதில்லை. கைவிட்டுப்போன இரண்டு வீடுகளின் சம்பளம் தனி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் இலவசமாகப் பயணம் செய்ய முடிகிறது. இந்தப் பெண்களின் கையில் ஒவ்வொரு நாளும் காசாக நிற்கும் உதவி அது. மனமாரப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்தத் திட்டம் டிக்கெட்டைத்தான் ரத்து செய்தது, தூரத்தை அல்ல.

அடுக்ககக் கூட்டங்களில் இதே விஷயம் வேறு பெயரில் பேசப்படுகிறது. 'இப்பல்லாம் ஆளே கிடைக்கறதில்ல.' 'வந்தாலும் லேட்டு.' 'சொல்லாம லீவு போடறாங்க.' மழை நாளில் பாத்திரம் தொட்டியில் கிடக்கிறது. முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு மதியம் சூடாக ஒரு ரசம் வைத்துக் கொடுக்க ஆள் இல்லை. முன்பு போனில் கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வந்தவர் இப்போது அடுத்த நாள் காலைதான் வர முடியும். இதை வேலைக்காரர்களின் குணக்கேடாக எடுத்துக்கொள்கிறவர்கள் நிலப்படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். தாமதமாக வருபவர் மாறவில்லை, அவருடைய முகவரி மாற்றப்பட்டது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆற்றின் கரையில், அடுத்த வெள்ளத்தில் முதலில் மூழ்கும் இடத்தில், ஓலையும் தகரமும் வேய்ந்த வீட்டில் மக்களை அப்படியே விட்டுவைப்பது சரியாகாது. பெரும்பாக்கத்து வீட்டில் உள்ளேயே கழிப்பறை இருக்கிறது, கதவைத் தாழ்ப்பாள் போட்டுத் தூங்க முடிகிறது, அதைப் பெரிதாக மதிக்கும் பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். ஆற்றுக்கும் அதன் கரை தேவை. இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: ஏன் பதினைந்து கிலோமீட்டர்? வெள்ளச் சமவெளியில் நிற்கும் கான்கிரீட் எல்லாம் அகற்றப்படவில்லை. ஆற்றைப் பார்த்த சாலை என்றே பெயர் வாங்கிய ரிவர்வியூ சாலையின் வீடுகள் நிற்கின்றன. கல்வி நிறுவனங்கள் நிற்கின்றன. அகற்றப்பட்டது பட்டா இல்லாத வீடு மட்டும். இன்று தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியிருக்கும் அதே வாரியம், பழுதடைந்த தன் பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டு அதே இடத்தில் உயரமாகக் கட்டும் பணியை நகரின் பல பகுதிகளில் செய்துவருகிறது. ஆகவே தொழில்நுட்பம் இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது. ஆற்றங்கரையிலிருந்து நகர்த்த வேண்டியவர்களை அதே ஊருக்குள் நகர்த்த நிலம் ஒதுக்கும் மனம்தான் இருக்கவில்லை. என் தீர்ப்பு இதுதான்.

இந்த ஊரிலேயே இதற்கு நேர்மாறான ஒரு முன்னுதாரணம் ஒன்பது தளங்களோடு எழுந்து நிற்கிறது. அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15 அன்று எட்டு ஏக்கர் நிலத்தில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஆட்சி மாறி, அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அறிவிப்பு வந்தது. எழுத்தாளர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் நூலகமாகவே நிலைத்தது. அப்போது நடந்த விவாதத்தில் புத்தகங்களைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். இன்று அங்கே போய் உட்கார்ந்து பார்த்தால் புத்தகத்துக்குச் சமமாக வேறொன்றும் கண்ணில் படுகிறது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே ஒரு பெரிய பகுதி. அங்கே காலையில் நாற்காலி பிடித்தவர் இரவு வரை எழுப்பப்படுவதில்லை. பார்வையற்றோருக்குப் பிரெய்ல் பிரிவு தரைத்தளத்திலேயே. குழந்தைகள் பிரிவில் கிளை பரப்பி நிற்கும் ஒரு செயற்கை மரம், அதன் அடியில் எந்தப் பள்ளிப் பிள்ளையும் சப்பணமிட்டு உட்காரலாம். குடிக்கத் தண்ணீர், கழிப்பறை, சாப்பிட ஓர் இடம். வியாசர்பாடியிலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ வருகிற ஒரு தேர்வு மாணவி, இந்த ஊரின் கோடீஸ்வரரின் மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் அதே குளிர்சாதனக் காற்றில் உட்காருகிறாள். வெளியிலிருந்து வருகிறவர்களை ஒரு வசதியான புறநகர் எப்படி வரவேற்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் சென்னையில் எனக்குத் தெரியவில்லை.

நூலகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள அடுக்ககம் ஒன்றில், அதன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, மதியம் ஒன்றரை மணிக்கு நான் கண்டது வேறு. இரண்டு பெண்கள் கார் நிறுத்துமிடத்தில், இரண்டு கார்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலை வீட்டு வேலை முடிந்துவிட்டது. அடுத்த வீட்டு வேலை மூன்று மணிக்கு. முன்பானால் இடையில் வீட்டுக்குப் போய்த் தலையைச் சாய்த்துவிட்டு வந்திருப்பார்கள். இப்போது அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு அவர்களுக்கு இந்த ஊரில் இடமில்லை. கழிப்பறைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். மூத்தவர் பதில் சொல்லாமல் டிபன் பாக்ஸை மூடினார். இளையவர் மட்டும், "காலையில தண்ணி கம்மியா குடிப்போம்," என்றார்.

பன்னிரண்டு வீடுகள், பன்னிரண்டு வீட்டிலும் சேர்த்து முப்பத்தாறு கழிப்பறைகள் உள்ள கட்டிடம் அது.

இது கல்நெஞ்சத்தால் நடப்பது என்று நான் நம்பவில்லை. யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை என்பதால் நடப்பது. அருகாமை இருந்தவரை வேலைக்கு வருகிறவரின் பசியும் ஓய்வும் கழிப்பறையும் அவர் வீட்டுப் பொறுப்பாக இருந்தன. அந்த வீடு பத்து நிமிடத்தில் இருந்தது. தூரம் வந்த பிறகு பொறுப்பு இடம் மாற வேண்டும். இன்னும் மாறவில்லை.

இந்த ஊர்க்காரர்களால் முடியாத காரியமும் அல்ல. பறக்கும் ரயில் நிலையத்தின் அருகே உள்ள நிலம் ஒரு காலத்தில் குப்பை கொட்டும் இடமாகக் கிடந்தது. 2006 வாக்கில் நிழல் என்ற தன்னார்வ அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து அதை மரப் பூங்காவாக்கத் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமைகளில் குடியிருப்பவர்கள் வந்து மண்ணை வெட்டினார்கள், நம் மண்ணுக்குரிய மரங்களைத் தேடி நட்டார்கள், ஆண்டுக் கணக்கில் தண்ணீர் ஊற்றினார்கள். இன்று அங்கே பறவைகள் கூடு கட்டுகின்றன. குப்பைமேட்டைக் காடாக்கிய பொறுமை உள்ளவர்களுக்கு, கார் நிறுத்துமிடத்தின் ஒரு மூலையில் ஒரு கழிப்பறையும் மின்விசிறி உள்ள ஒரு சிறு அறையும் கட்டுவது பெரிய காரியமாக இருக்காது.

கோட்டூர்புரத்தில் வாழும் வாசகர்களிடம் நேரடியாகவே கேட்கிறேன். உங்கள் வீட்டுக்கு வருகிறவர் எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை வண்டி மாறினார் என்று இந்த வாரம் விசாரியுங்கள். ஏழு மணி வேலையை எட்டரைக்கு மாற்ற முடியுமானால் மாற்றுங்கள். வீட்டுப் பணியாளர்களுக்கென 2007இல் அமைக்கப்பட்ட நல வாரியத்தில் அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் படிவம் நிரப்ப உதவுங்கள். சம்பளம் பேசும்போது அந்த மூன்று மணி நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். இந்தப் பகுதியில் வாரியக் கட்டிடங்கள் புதிதாகக் கட்டப்படும் நாளில், கூடுதலாக எழும் வீடுகளில் ஆற்றங்கரையிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கும் பங்கு வேண்டும் என்று சொல்லும் முதல் குரல் அவர்களுடையதாக மட்டும் இருக்க விடாதீர்கள். அதற்கு நாளாகும். அதுவரை, காலை ஐந்தரை மணிக்குப் பெரும்பாக்கத்தில் புறப்பட்டு நேரே நூலக வாசலில் வந்து நிற்கும் ஒரு பேருந்து கேட்டு மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு மனுவை இங்குள்ள குடியிருப்போர் சங்கங்கள் எழுதட்டும்.